விதி யாருக்காகத் தளர்ந்தது?

(டாடா இன்ஸ்டிட்யூட்டின் வாசலில் நின்ற பெண்களைப் பற்றி)

நம் சங்கக் கூட்டங்களில் 'நம்மவர்களின் பெருமை' என்று பேச்சு எடுத்தால் இரண்டு பெயர்கள் தவறாமல் வரும். ஒன்று கணிதமேதை ஸ்ரீநிவாச ராமானுஜன். மற்றொன்று சர் சி.வி. ராமன். பெங்களூரில் வசிக்கும் நமக்கு ராமன் இன்னும் ஒரு படி நெருக்கம். 1888-ல் திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தவர், 1930-ல் நோபல் பரிசு பெற்றவர், 1933-ல் இந்த ஊருக்கு வந்தார். 1970 நவம்பர் 21 அன்று கண்மூடும் வரை இந்த ஊர்க்காரராகவே இருந்தார். மல்லேஸ்வரத்தில் அவருடைய 'பஞ்சவடி' இல்லத்தைக் கடந்து போகும்போது, "இதுதான் ராமன் வீடு" என்று பேரன் பேத்திகளுக்குக் காட்டாத தாத்தா பாட்டிகள் நம்மில் குறைவு.

அந்தப் பெருமையில் பங்கம் செய்யும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் பெருமையைச் சொல்லும்போது அதோடு ஒட்டிய மற்றொரு சரித்திரத்தையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். ராமன் தலைமை வகித்த அதே ஸ்தாபனத்தில் படிக்கவும் வேலை செய்யவும் வந்த பெண்களின் கதை அது. உத்தியோகத்தில் இருக்கும் நம் வீட்டுப் பெண்களும், அவர்களுக்கு மேலதிகாரிகளாக இருக்கும் நம் வீட்டு ஆண்களும் அறிந்துகொள்ள வேண்டிய பாடம் ஒன்று அதில் இருப்பதாக நினைக்கிறேன்.

டாடா இன்ஸ்டிட்யூட்

இந்திய அறிவியல் நிறுவனம் என்று தமிழில் எழுதினாலும், ஆட்டோக்காரரிடம் "டாடா இன்ஸ்டிட்யூட்" என்றால்தான் வண்டி நகரும். ஜம்ஷெட்ஜி டாடாவின் கனவு, மைசூர் சமஸ்தானம் அளித்த நிலம், பிரிட்டிஷ் அரசின் அனுமதி ஆகிய மூன்றும் சேர்ந்து 1909-ல் அது உருவாயிற்று. ஆரம்பத்தில் டைரக்டர்கள் அனைவரும் ஆங்கிலேயர்களே. 1933-ல் அந்தப் பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் சி.வி. ராமன். இயற்பியல் துறையும் அங்கே அவரால்தான் தொடங்கப்பட்டது.

பெண்கள் சேரக்கூடாது என்ற விதி எதுவும் அங்கே இருக்கவில்லை. ராமன் வருவதற்கு முன்பே, 1920களில் ஓரிரு பெண்கள் அங்கே பயின்றிருக்கிறார்கள். இதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எழுதிவைத்த விதியை எதிர்த்து வாதாடலாம், வழக்குப் போடலாம். எழுதாத விதியை எதிர்த்து எங்கே போய் முறையிடுவது?

ராமனுக்கும் ராமானுஜனுக்கும் தளர்ந்த விதிகள்

பெண்களின் கதைக்குப் போவதற்கு முன் நம்முடைய இரண்டு மேதைகளின் வாழ்க்கையில் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்லிவிடுகிறேன்.

கல்கத்தா சர்வகலாசாலையில் தாரக்நாத் பாலித் அளித்த நன்கொடையில் ஒரு பௌதிகப் பேராசிரியர் பதவி உண்டாயிற்று. அந்தப் பதவிக்கு வருபவர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ராமன் அப்போது நிதி இலாகாவில் அதிகாரி. ஆராய்ச்சி எல்லாம் ஆபீஸ் நேரத்துக்கு வெளியேதான். அவர் வெளிநாடு போய்ப் பயிலவில்லை, போகவும் சம்மதிக்கவில்லை. துணைவேந்தராக இருந்த சர் ஆசுதோஷ் முகர்ஜி என்ன செய்தார்? இந்த மனிதர் வேண்டும் என்று முடிவு செய்தபின், அந்த நிபந்தனை ராமனுக்குப் பொருந்தாதபடி பார்த்துக்கொண்டார். 1917-ல் ராமன் பேராசிரியரானார். பதின்மூன்று ஆண்டுகளில் நோபல் பரிசு வந்தது. ராமன் எம்.ஏ. படித்தவர். டாக்டர் பட்டத்துக்கென்று அவர் ஒரு நாளும் படித்ததில்லை. அவருக்கு வந்த டாக்டர் பட்டங்கள் எல்லாம் கௌரவமாக வந்தவை.

ராமானுஜன் கதை நம் எல்லோருக்கும் தெரியும். கணிதத்தைத் தவிர மற்ற பாடங்களில் கோட்டைவிட்டு, எஃப்.ஏ. பரீட்சையே தேறாதவர். சென்னை துறைமுகத்தில் குமாஸ்தா. 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. பட்டமே இல்லாதவருக்கு அப்படித் தர விதிகளில் இடமில்லை. ஆனாலும் பெரியவர்கள் சிலர் முயற்சி எடுத்து, சட்டத்தில் வழி தேடி, கவர்னரின் சம்மதம் பெற்றுக் கொடுத்தார்கள்.

இரண்டும் மிக நல்ல காரியங்கள். விதிகள் தளராமல் இருந்திருந்தால் ராமன் ஒரு அக்கவுண்டன்ட் ஜெனரலாக ஓய்வு பெற்றிருப்பார். ராமானுஜன் குமாஸ்தாவாகவே இருந்திருப்பார். திறமை தெரிந்த இடத்தில் விதியைச் சற்று வளைக்கத் துணிந்த ஒருவர் நாற்காலியில் இருந்தார். அதனால் தேசத்துக்கு இரண்டு மேதைகள் கிடைத்தார்கள். சரி, அதே சலுகை பெண்களுக்குக் கிடைத்ததா?

கமலா பாக்வத்: 1933

இந்தூரில் பிறந்த கமலா பாக்வத்தின் தகப்பனாரும் சிற்றப்பாவும் ரசாயனம் படித்தவர்கள். இருவருமே டாடா இன்ஸ்டிட்யூட்டின் பழைய மாணவர்கள். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்ஸி. தேர்வில் முதலிடம் பெற்ற கமலா, 1933-ல் ஆராய்ச்சி மாணவியாகச் சேர இங்கே விண்ணப்பித்தார். முதலிடம் பெற்றவருக்கு இடம் மறுக்கப்படும் என்று அந்த வீட்டில் யாரும் நினைக்கவில்லை. விண்ணப்பம் திரும்பி வந்தது. பெண் என்பது ஒன்றே காரணம்.

தகப்பனாரோடு கமலா நேரில் பெங்களூர் வந்தார். டைரக்டர் ராமன் அசைந்து கொடுக்கவில்லை. காரணத்தைச் சொல்லுங்கள், இல்லையென்றால் உங்கள் அறை வாசலில் சத்தியாகிரகம் இருப்பேன் என்றார் கமலா. காந்தி யுகத்துப் பெண் அல்லவா! கடைசியில் ராமன் இடம் தந்தார், மூன்று நிபந்தனைகளோடு. முதல் வருஷம் அவர் முறையான மாணவியாகக் கருதப்பட மாட்டார். வேலை திருப்தியாக இருந்தால்தான் அங்கீகாரம். வழிகாட்டி சொன்னால் இரவு எந்நேரமானாலும் வேலை செய்ய வேண்டும். அவர் இருப்பதால் ஆராய்ச்சிக்கூடத்தின் சூழ்நிலை கெடக்கூடாது.

மூன்றாவது நிபந்தனையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உடன் வேலை செய்யும் ஆண்களின் கவனம் சிதறினால் அதற்குப் பொறுப்பு அந்தப் பெண்! சிதறவிட்டவர்களுக்கு எந்த நிபந்தனையும் இல்லை.

கமலா ஒப்புக்கொண்டார். பேராசிரியர் எம். ஸ்ரீநிவாசய்யா அவருக்கு வழிகாட்டியாக அமைந்தது அதிர்ஷ்டம். கடுமையான ஆசிரியர், ஆனால் கற்றுக்கொடுப்பதில் பாரபட்சம் காட்டாதவர். பால், பருப்பு வகைகளில் உள்ள புரதங்களைப் பற்றிக் கமலா ஆராய்ந்தார். ஒரு வருஷம் கழித்து ராமனே திருப்தி அடைந்து அவரை முறையான மாணவியாக்கினார். அதன்பிறகு மற்றப் பெண்களுக்கும் கதவு திறந்தது. 1936-ல் எம்.எஸ்ஸி. முடித்த கமலா, கேம்பிரிட்ஜில் நோபல் பரிசு பெற்ற ஃப்ரெடரிக் ஹாப்கின்ஸின் ஆராய்ச்சிக்கூடத்தில் இடம் பெற்றார். தாவரத் திசுக்களில் 'சைட்டோகுரோம் சி' என்ற பொருள் இருப்பதைக் கண்டறிந்து, 1939-ல் பிஎச்.டி. பட்டத்தோடு திரும்பினார். அவருடைய ஆய்வேடு நாற்பது பக்கங்களே. இந்தியப் பெண்களில் அறிவியலில் பிஎச்.டி. பெற்ற முதல்வர் என்று அவரைக் குறிப்பிடுவார்கள்.

பிற்காலத்தில் கமலா சோஹோனியாக டெல்லி, குன்னூர், பம்பாய் ஆகிய இடங்களில் பணியாற்றினார். நம் பதநீரின் ஊட்டச்சத்தை ஆராய்ந்து ஜனாதிபதி விருதும் பெற்றார். ஆனால் பம்பாய் அறிவியல் கழகத்தின் டைரக்டர் பதவி அவருக்கு உரிய காலத்தில் வராமல் சில ஆண்டுகள் தள்ளிப் போயிற்று. 1998-ல் காலமாவதற்குச் சற்று முன்னர் நடந்த ஒரு பாராட்டு விழாவில், அறுபது ஆண்டுகளுக்கு முன் பட்ட அவமானத்தை அவர் வெளிப்படையாகவே நினைவுகூர்ந்தார். ராமன் பெரிய விஞ்ஞானி என்பதை ஒப்புக்கொண்டே, தன்னிடம் அவர் நடந்துகொண்ட விதத்தை மறக்க முடியவில்லை என்றார்.

ராமன் லாபில் மூவர்

ராமனின் சொந்த ஆராய்ச்சிக்கூடத்திலும் பின்னர் பெண்கள் சேர்ந்தார்கள். அதைச் சொல்லாவிட்டால் அவருக்கு அநியாயம் செய்தவளாவேன். லலிதா துரைஸ்வாமி, சுனந்தா பாய், அன்னா மாணி ஆகிய மூவர் அங்கே வேலை செய்தனர். ஆனால் ஆண்களும் பெண்களும் பேசிப் பழகுவது ராமனுக்குப் பிடிக்காது. ஆராய்ச்சிக்கூடத்தில் விஞ்ஞானம் வளர்வது பெரும்பாலும் பேச்சில்தான். ஒருவர் சோதனையை மற்றவர் எட்டிப் பார்ப்பது, காபி குடிக்கும்போது சந்தேகம் கேட்பது, தவறைச் சுட்டிக்காட்டுவது எல்லாம் சேர்ந்ததுதான் ஆராய்ச்சி. அந்தப் பேச்சுக்கு வெளியே நிற்பவர் கதவுக்குள் இருந்தும் வெளியே நிற்பவர்தான்.

லலிதா நம் சமூகத்துப் பெண். சென்னையில் பால்ய விதவைகளுக்காகப் பாடுபட்ட சிஸ்டர் சுப்புலக்ஷ்மி அவருக்குப் பெரியம்மா முறை. தானே பால்ய விதவையாக இருந்து 1911-ல் பி.ஏ. பட்டம் பெற்ற சுப்புலக்ஷ்மி அம்மாளின் குடும்பம் பெண் கல்வியில் எவ்வளவு முன்னே நின்றது என்பதற்கு இன்னொரு சாட்சி வேண்டாம். லலிதா மாநிலக் கல்லூரியில் பௌதிகம் படித்தவர். அங்கே அவருக்கு ஒரு வருஷம் மூத்தவர் ராமனின் தமையனார் பிள்ளை எஸ். சந்திரசேகர். 1936-ல் அவர்களுக்குக் கல்யாணம். ஆராய்ச்சி அத்தோடு நின்றது. சந்திரசேகருக்கு 1983-ல் நோபல் பரிசு வந்தபோது, உலகம் லலிதாவை அவர் மனைவியாகத்தான் அறிந்திருந்தது. சுனந்தா பாய் ஒளிச்சிதறல் பற்றித் தனித்தே பல கட்டுரைகள் வெளியிட்டவர். இளம் வயதிலேயே மறைந்தார்.

மூன்றாமவர் அன்னா மாணி. 1918-ல் திருவிதாங்கூர் பீர்மேட்டில் சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். எட்டாவது பிறந்தநாளுக்கு வீட்டு வழக்கப்படி வைரத்தோடு வாங்கித் தந்தபோது, அது வேண்டாம், என்சைக்ளோபீடியா பிரிட்டானிகா வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டாராம். விதியின் விளையாட்டைப் பாருங்கள்: சென்னை மாநிலக் கல்லூரியில் பி.எஸ்ஸி. ஆனர்ஸ் முடித்து, 1940-ல் உதவித்தொகையோடு ராமனிடம் வந்து சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்த வேலை வைரங்களின் ஒளிர்வை ஆராய்வதுதான். மிக மங்கலான அந்த ஒளியைத் தகட்டில் பதிவு செய்ய ஒரே படத்துக்குப் பதினைந்து இருபது மணி நேரம் பிடிக்கும். பல இரவுகள் லாபிலேயே கழிந்தன. 1942-லிருந்து 1945-க்குள் ஐந்து கட்டுரைகள், ஒவ்வொன்றும் அவர் ஒருவர் பெயரிலேயே வெளிவந்தன.

அந்நாளில் இன்ஸ்டிட்யூட் சொந்தமாகப் பட்டம் தருவதில்லை. எனவே 1945 ஆகஸ்டில் தம் ஆய்வேட்டை அன்னா மாணி சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. ஆனர்ஸ் பட்டமும், உதவித்தொகையும், ஐந்து வருஷ ஆராய்ச்சியும், அச்சேறிய கட்டுரைகளும் அந்த எம்.எஸ்ஸி.க்கு ஈடாகவில்லை.

எஃப்.ஏ. தேறாத ராமானுஜனுக்காக 1913-ல் விதியைத் தளர்த்தியதும் இதே சென்னைப் பல்கலைக்கழகம்தான். வெளிநாட்டுப் பயிற்சி இல்லாத குறைக்காக விலக்கு பெற்றவர்தான் அன்னா மாணியின் பேராசிரியர். விதி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதானே என்று சிலர் கேட்கலாம். காகிதத்தில் ஒன்றுதான். விதியை யாருக்காகத் தளர்த்தலாம் என்று எண்ணும்போது யாருடைய முகம் பெரியவர்களின் மனதில் தோன்றுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

அன்னா மாணி கசப்போடு உட்கார்ந்துவிடவில்லை. அரசாங்க உதவித்தொகையில் இங்கிலாந்து சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்றார். 1948-ல் இந்திய வானிலைத் துறையில் புனேயில் சேர்ந்தார். அதுவரை இறக்குமதியான கருவிகளை இங்கேயே தயாரிக்க ஏற்பாடு செய்தார். சுமார் நூறு கருவிகளுக்கு வரைபடங்கள் தயாராயின. தும்பா ராக்கெட் தளத்திலும் வானிலைக் கருவிகளை அமைத்தார். துணை டைரக்டர் ஜெனரலாக 1976-ல் ஓய்வு பெற்று, எங்கே வந்தார் தெரியுமா? பெங்களூரில் உள்ள ராமன் ஆராய்ச்சி நிலையத்துக்கே, வருகைதரு பேராசிரியராக. தம் குருவை அவர் கடைசி வரை மதித்தார். இந்தியாவின் சூரிய ஒளி, காற்று வேகம் பற்றி அவர் தொகுத்த புள்ளிவிவரங்கள், பின்னாளில் வந்த காற்றாலைகளுக்கும் சூரிய மின்சாரத்துக்கும் அஸ்திவாரம். 2001 ஆகஸ்டில் காலமானார். பட்டம் கிடைக்காத அந்த ஆய்வேடு ராமன் நிலையத்து நூலகத்தில், பட்டம் பெற்ற மற்ற ஆய்வேடுகளோடு சேர்ந்து இருக்கிறது. பைண்டு செய்த அட்டையில் எந்த வித்தியாசமும் தெரியாது.

நாற்காலியில் இருந்த நல்லவர்கள்

இதே காலத்தில் கதவுகள் வேறு இடங்களில் எப்படித் திறந்தன என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும்.

சென்னையில் தெலுங்குக் குடும்பத்தைச் சேர்ந்த ஏ. லலிதா பதினைந்து வயதில் மணமாகி, பதினெட்டாம் வயதில் நான்கு மாதக் கைக்குழந்தையோடு விதவையானார். தகப்பனார் பப்பு சுப்பாராவ் கிண்டி என்ஜினியரிங் கல்லூரியில் பேராசிரியர். மகளை மூலையில் உட்கார வைக்காமல், பிரின்ஸிபால் கே.சி. சாக்கோவிடம் பேசினார். கல்வி இயக்குநர் ஸ்டேத்தம் அனுமதித்தார். 1940-ல் லலிதா சேர்ந்தார். தனியாக ஒரு பெண் இருப்பது கஷ்டம் என்று இன்னும் பெண்களைச் சேர்க்க முயற்சி நடந்து, லீலாம்மா ஜார்ஜ், பி.கே. த்ரேசியா என்ற இருவரும் சிவில் பிரிவில் சேர்ந்தார்கள். லலிதாவின் பட்டச் சான்றிதழில் ஆணைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை அடித்துவிட்டுப் பெண்ணைக் குறிக்கும் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு பேனாக் கோடு போதுமாக இருந்தது!

டாடா இன்ஸ்டிட்யூட்டிலேயே ராஜேஸ்வரி சட்டர்ஜி இருக்கிறார். கர்நாடகத்தின் முதல் பெண் என்ஜினியர் என்று சொல்லப்படுபவர். மைசூர் ராஜ்யத்தின் ஆரம்பகாலப் பெண் பட்டதாரிகளில் ஒருவரான கமலம்மா தாசப்பாவின் பேத்தி. சென்ட்ரல் காலேஜில் கணிதம் படித்தவர். இயற்பியல் பட்டம் இல்லாததால் ராமனிடம் சேர முடியவில்லை. மின் தொடர்பியல் துறை அவரை 1943-ல் ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்று, 1953-ல் இங்கேயே ஆசிரியையாகச் சேர்ந்தார். கணவர் சிசிர் குமார் சட்டர்ஜியோடு சேர்ந்து மைக்ரோவேவ் ஆராய்ச்சிக்கூடம் அமைத்தார். 1982-ல் ஓய்வு பெறுவதற்குள் இருபது பேரை டாக்டர் பட்டத்துக்கு வழிநடத்தினார்.

1974-ல் அதே வளாகத்தில் படித்துக்கொண்டிருந்த மாணவி ஒருவர், அறிவிப்புப் பலகையில் புனே டெல்கோ கம்பெனியின் விளம்பரத்தைப் பார்த்தார். பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று அதில் அச்சிட்டிருந்தது. கோபத்தில் ஒரு போஸ்ட்கார்டை எடுத்து நேரே ஜே.ஆர்.டி. டாடாவுக்கே எழுதிப் போட்டார். நேர்முகத்தேர்வுக்கு அழைப்பு வந்தது, வேலையும் கிடைத்தது. அவர்தான் சுதா மூர்த்தி. போஸ்ட்கார்டு எழுதிய துணிச்சலை நாம் எல்லோரும் மெச்சுகிறோம். அதைக் குப்பைத்தொட்டியில் போடாமல் நடவடிக்கை எடுத்தவரையும் மெச்ச வேண்டும்.

ஸ்ரீநிவாசய்யா, சாக்கோ, ஜே.ஆர்.டி. என்று பார்த்தால், உள்ளே போன ஒவ்வொரு பெண்ணுக்கும் பின்னால் நாற்காலியில் ஒருவர் இருந்திருக்கிறார். அன்னா மாணிக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

நிபந்தனை யாருக்கு?

கமலாவுக்குப் போட்ட இரவு நிபந்தனை, தொழிற்சாலைப் பெண்களுக்குத் தலைகீழாக வந்தது. 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 66-ம் பிரிவு, காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரைதான் பெண்கள் வேலை செய்யலாம் என்றது. பாதுகாப்புக்காக வந்த சட்டம்தான். ஆனால் அது நடைமுறையில் எப்படிப் பயன்பட்டது என்பதை நானே அனுபவித்தவள். 1979-ல் இந்த ஊரில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையின் நேர்முகத்தேர்வில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "கல்யாணம் ஆனதும் விட்டுவிடுவாயா?" இரண்டாவது, "உனக்கு நைட் ஷிஃப்ட் போட முடியாதே, உன்னை எடுத்து எங்களுக்கு என்ன லாபம்?" வேலை கிடைத்தது. பிறகு பதவி உயர்வு வந்தபோது, ஷிஃப்ட் அனுபவம் உள்ளவர்களுக்கே முன்னுரிமை என்றார்கள். செய்யக்கூடாது என்று தடுத்த வேலையைச் செய்யவில்லை என்பதே குறையாயிற்று. என் தலைமுறைப் பெண்கள் அநேகருக்கு நேர்ந்ததுதான் இது. நான் மட்டும் விசேஷமில்லை.

2000 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அந்த இரவுத் தடைப் பிரிவு அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பிலும் நிபந்தனைகள் உண்டு. போக்குவரத்து வசதி, ஓய்வறை, பெண் தனியாக விடப்படாமை முதலியன. ஆனால் இப்போது நிபந்தனைகள் முதலாளிக்கு! கர்நாடக அரசும் 2019-ல் இதே வழியில் தொழிற்சாலைகளில் பெண்களின் இரவு வேலையை அனுமதித்தது. 1997-ல் விசாகா வழக்கில் உச்சநீதிமன்றம் வகுத்த நெறிமுறைகள் 2013-ல் சட்டமாகி, பத்துப் பேருக்குக் குறையாத ஒவ்வொரு ஸ்தாபனத்திலும் பாலியல் தொல்லை பற்றிய புகார்களை விசாரிக்கக் குழு வேண்டும் என்றாயிற்று. 2017-ல் பேறுகால விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. ஐம்பது பேருக்குக் குறையாத இடங்களில் குழந்தைக் காப்பகமும் கட்டாயமாயிற்று. 1933-ல் 'சூழ்நிலை கெடாமல் பார்த்துக்கொள்' என்று ஒரு பெண்ணிடம் சொன்ன பொறுப்பு, எண்பது ஆண்டுகளில் நிர்வாகத்தின் தலையில் ஏறியிருக்கிறது. இந்த ஊரின் உத்தியோக சரித்திரத்தில் இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்றை நான் அறியேன்.

பலன்களும் கண்ணெதிரே உள்ளன. பெங்களூரின் செயற்கைக்கோள் மையத்தில் உருவான சந்திரயான்-2 திட்டத்துக்கு எம். வனிதா இயக்குநராக இருந்தார். 2023-ல் ஏவப்பட்ட ஆதித்யா-எல்1 திட்டத்துக்குத் தலைமை வகித்த நிகர் ஷாஜி நம் செங்கோட்டைக்காரர்.

நம்மவர்க்குச் சில வார்த்தைகள்

ஒரு விஷயத்தை மனம் திறந்து சொல்ல வேண்டும். கமலாவின் வீட்டில் தகப்பனாரே ரசாயன நிபுணர். ராஜேஸ்வரியின் பாட்டியே பட்டதாரி. லலிதாவுக்கு சிஸ்டர் சுப்புலக்ஷ்மி. படித்த, உயர்குடி என்று கருதப்பட்ட வீடுகளின் பெண்களுக்கே இத்தனை இடையூறு என்றால், அந்தப் பின்பலம் இல்லாத வீட்டுப் பெண்கள், பின்தங்கிய, தாழ்த்தப்பட்ட குடும்பங்களின் பெண்கள், வாசல் வரைகூட வர முடியாமல் நின்றிருப்பார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. "தகுதி மட்டும் பார்த்தால் போதும், எதற்கு இந்தப் பெண்கள் கணக்கு, ஜாதிக் கணக்கு?" என்று நம் வீட்டுக் கூடங்களில் அடிக்கடி காதில் விழும். தகுதியில் அன்னா மாணிக்கு என்ன குறை? தகுதி தானாக வாசலைத் திறந்துவிடுவதில்லை. உள்ளே இருக்கும் ஒருவர் எழுந்து வந்து தாழ்ப்பாளை விலக்க வேண்டியிருக்கிறது. ராமானுஜனுக்கும் ராமனுக்கும் அப்படித்தான் நடந்தது.

ராமனைத் தூற்றுவதற்காக இதை எழுதவில்லை. அவர் 1934-ல் பெங்களூரில் நிறுவிய இந்திய அறிவியல் கழகமே 2008-ல் 'லீலாவதிஸ் டாட்டர்ஸ்' என்ற தொகுப்பை வெளியிட்டு, கமலா சோஹோனி, அன்னா மாணி உட்பட இந்தியப் பெண் விஞ்ஞானிகளின் கதைகளைச் சேர்த்துவைத்தது. அவருடைய ஸ்தாபனமே சொல்லத் தயங்காததை நாம் ஏன் மறைக்க வேண்டும்?

நம் அங்கத்தினர்களில் பலர் இன்று மேனேஜர்கள், டைரக்டர்கள், தேர்வுக் குழுவில் உட்காருபவர்கள். குழந்தைக்காக இரண்டு வருஷம் இடைவெளி விட்டுத் திரும்பி வரும் ஒரு பெண்ணின் விண்ணப்பமோ, குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்று, ஆங்கிலம் சற்றுத் தடுமாறும் கிராமத்துப் பெண்ணின் விண்ணப்பமோ உங்கள் மேஜைக்கு வரும்போது, 'விதியில் இடமில்லை' என்று எழுதுவதற்கு முன் ஆசுதோஷ் முகர்ஜியை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

மற்றொரு வேண்டுகோளும் உண்டு. நம் குடும்பங்களில் முதன்முதலாக உத்தியோகத்துக்குப் போன பாட்டிகள், அத்தைகள், மன்னிகள் எத்தனையோ பேர். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச், பள்ளிக்கூடம், பேங்க், ஆஸ்பத்திரி, தொழிற்சாலை என்று போனவர்கள். எந்த வருஷம் சேர்ந்தார்கள், யார் உதவினார்கள், வீட்டிலும் ஆபீஸிலும் என்னென்ன நிபந்தனைகள் போட்டார்கள் என்று அவர்களைக் கேட்டு ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். ஆசிரியர் குழு சம்மதித்தால் அடுத்த இதழ்களில் அவற்றை வரிசையாக வெளியிடலாம். கேட்பதைத் தள்ளிப்போடாதீர்கள். அவர்களில் பலருக்கு எண்பது வயது கடந்துவிட்டது.